நாலு மணிச் சாவடி

ஆளெண்ணுகிற கருவி ஒன்று என் மேசை டிராயரில் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் டக்கென்று ஒரு எண் ஏறும். இங்கே ஜெபம் எண்ணுவதற்கும் இதை வைத்திருக்கிறார்கள். 2015ல் பெத்லகேமில் என் கையில் கொடுத்தபோது மனுசரை எண்ணக் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது எடுத்து டக்டக்கென்று அமுக்கி விளையாடுவாள். பிடுங்கி வைத்துவிடுவேன். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.

நான் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். பறையர் தெருக் கிறிஸ்தவன். பாலஸ்தீனத்தில் இராணுவச் சாவடிகளில் நின்று, யார் போகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள், எத்தனை நேரம் நிற்க வைக்கிறார்கள் என்று எழுதுவதற்கு வெளிநாட்டிலிருந்து ஆட்களைச் சேர்த்து அனுப்புகிற திட்டங்கள் சில உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002ல் ஒன்றைத் தொடங்கியது. அதேபோல் வேறு சிலவும் இருந்தன. நான் போனது எதில் என்று எழுதப்போவதில்லை. விசா விஷயத்தில் அங்கே தொல்லை அதிகம், இன்னொருத்தர் வழியை நான் அடைக்க வேண்டாம். மூன்று மாதம் வேலை. சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்க இடமும் உண்டு.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ஏன் போக விரும்புகிறீர்கள்? 'இயேசு பிறந்த ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். உண்மைதான். எழுதாமல் விட்ட உண்மை ஒன்றும் இருந்தது. எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். என் பாட்டியும் அப்பாவும் இந்தப் பக்கம் கிடக்கிறார்கள். என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியவர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் பூசைக்குப் போகிறவர். பெத்லகேம் சுவர் அநியாயம் என்று பிரசங்கமும் வைத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெத்லகேமின் வடக்கு எல்லையில், ராகேல் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் சாவடி. இராணுவம் கொடுத்த எண் 300. ஜனங்களும் 'முந்நூறு' என்றுதான் சொல்வார்கள். அதைத் தாண்டினால் எருசலேம். எட்டு மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் பலகைகளை நட்டு நட்டுக் கொண்டுபோன சுவர். 2002ல் தொடங்கினார்கள். 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. சுவர் தன் பாட்டுக்கு வளர்ந்தது. திட்டமிட்ட நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி எல்லைக் கோட்டில் இல்லை, பாலஸ்தீனரின் நிலத்துக்கு உள்ளே புகுந்து போகிறது. எல்லைக்குத்தான் சுவர் என்றால் எல்லையில் கட்டியிருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் படிப்பு வேண்டியதில்லை. புறம்போக்கு வேலி ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

மூன்று மணிக்கு எழுந்துவிடுவோம். பிப்ரவரிக் குளிர் எலும்பில் குத்தும். இருட்டில் நடந்து மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால், அதற்குள் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். ஹெப்ரோன் பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு மணிக்கே கிளம்பி வந்தவர்கள். எல்லாரும் கட்டட வேலைக்காரர்கள். கொத்து வேலை, கம்பி கட்டுகிற வேலை, டைல்ஸ், பெயின்ட். கையில் பிளாஸ்டிக் பை, அதில் மத்தியானச் சோறு. வேலை தொடங்குவது ஏழு மணிக்கு. ஏழுக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நாலுக்கு இங்கே நிற்க வேண்டும். அப்புறம் சாயங்காலம் திரும்பி, வீடு சேர்ந்து, படுத்து, மறுபடி இரண்டு மணி. 'பிள்ளைங்க முழிச்சிருக்கிறதை வெள்ளிக்கிழமைதான் பாக்குறேன்' என்று ஒருத்தர் சொன்னார்.

நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். சுவரை ஒட்டி மேட்டில் ஏறுகிற ஒரு நீளக் கூண்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே தகரம். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற அகலம். மாட்டை அடிக்கக் கொண்டுபோகிற வழி போல என்று அங்கே வருகிற எல்லா வெளிநாட்டுக்காரர்களும் முதல் நாள் எழுதுவார்கள். நானும் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மாட்டைக் கொண்டுபோகிறவன் மாட்டிடம் சீட்டு கேட்பதில்லை.

கூண்டு முடிகிற இடத்தில் சுழல் கதவு. ஒரு தடவைக்கு ஒரு ஆள். பச்சை விளக்கு எரிந்தால் சுழலும், சிவப்பு எரிந்தால் ஆள் பாதியில் இருந்தாலும் நின்றுவிடும். அதைத் தாண்டினால் ஒரு வெட்டவெளி, பிறகு பெரிய கொட்டகை. அங்கே பெல்ட்டைக் கழற்றி, பையை எந்திரத்துக்குள் விட்டு, மறுபடி வரிசை. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற சிப்பாயிடம் காந்த அட்டை, அனுமதிச் சீட்டு, எந்திரத்தில் கை ரேகை. சீட்டுக்கு அரபியில் 'தஸ்ரீஹ்'. இந்தச் சொல்லை அங்கே ஒரு நாளில் நூறு தடவை கேட்பீர்கள். 'மம்னூ' என்றால் தடை. ஏன் தடை என்று சொல்ல மாட்டார்கள். நேற்றுவரை போய்வந்தவனின் கையை வைத்ததும் எந்திரம் மாட்டேன் என்னும். அவ்வளவுதான், அதே கூண்டு வழியாகத் திரும்பி வர வேண்டும்.

எங்கள் வேலை எளிது. இரண்டு பேர் வாசலில், இரண்டு பேர் அந்தப் பக்கம். எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, எத்தனை கண்ணாடி ஜன்னல் வேலை செய்கிறது, அரைமணிக்கு எத்தனை பேர் வெளியே வந்தார்கள். டக், டக், டக். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். அங்கே வாரம் தொடங்குவது அன்றைக்குத்தான். காலை முடிவதற்குள் நாலாயிரத்தைத் தாண்டும். பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தனியாக ஒரு வழி உண்டு. 'மனிதாபிமான வழி' என்று பெயர். அது பல நாள் பூட்டியிருக்கும். பூட்டியிருந்தால் இராணுவத்தின் ஒரு நம்பருக்கு போன் பண்ணி, தயவுசெய்து திறங்கள் என்று கேட்க வேண்டும். சில நாள் திறப்பார்கள். பல நாள் 'பார்க்கிறோம்' என்பார்கள். மனிதாபிமானத்துக்குத் தனி வாசல் வைத்துப் பூட்டும் போடுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கதவு நேரத்துக்குத் திறக்காவிட்டால் கூண்டுக்குள் அழுத்தம் ஏறும். பின்னால் நிற்கிறவனுக்கு ஏழு மணி வேலை போய்விடும் என்ற பயம், முன்னால் நிற்கிறவனுக்கு மூச்சு முட்டும். இளவட்டங்கள் கம்பியைப் பிடித்து ஏறி, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்துபோய் முன்னால் குதிப்பார்கள். ஒரு நாள் என் கண்ணெதிரே குதித்தவனின் கால் ஒரு கிழவரின் கழுத்தில் பட்டது. கிழவர் திட்டவில்லை. அவன் செருப்பு கீழே விழுந்ததை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாகக் கொடுத்தார். பாங்கு சொன்னதும் வெளியே இருப்பவர்கள் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்துத் தொழுவார்கள். பக்கத்தில் காபிக்காரர், எள் ரொட்டிக்காரர். அந்த ஏலக்காய் மணத்தை மட்டும் நான் இன்றைக்கும் விரும்புகிறேன்.

முதல் வாரம் நடந்தது இது. அந்தப் பக்கம் போவதற்காக நானும் கூண்டுக்குள் நின்றேன். என் நிறம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் என்னைப் பார்த்துக் கத்தியது. எபிரேயம் புரியவில்லை, அதட்டல் புரிந்தது. அதட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. உடம்பு தானாகக் கூனியது. நாற்பத்தோரு வயசு, எம்.ஏ., பி.எட்., ஆனாலும் முதுகு பழசை மறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நீல நிறப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். குரல் மாறிவிட்டது. 'ஓ, இந்தியா!' சிரித்து, போகச் சொன்னார்கள். கைரேகை கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் அந்த மண்ணில் பிறந்தவர். அவரைப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மேல்சாதியாக ஒரு வாசலைத் தாண்டினேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் சில நாள் உட்கார்ந்திருந்தவள் ஒரு கறுப்புப் பெண். எத்தியோப்பிய யூத வம்சம். இருபது வயசு இருக்கும். அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில், எத்தியோப்பிய வம்சத்துச் சிப்பாய் ஒருவனைப் போலீஸ் அடிக்கிற படம் பரவி, எருசலேமிலும் டெல் அவிவிலும் அவர்கள் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள் காலை அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல் அட்டையை வாங்கினாள், எறிந்தாள். ஊர்க்காவலுக்கும் தலையாரி வேலைக்கும் நம் ஆட்களையே நிறுத்தி நம்மையே அடிக்க வைத்த கதை நமக்குத் தெரியாததா? இருந்தாலும் அவளுக்காக இரக்கப்பட எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

இஸ்ரேல் பெண்களும் அங்கே வருவார்கள். 'மச்சோம் வாட்ச்' என்ற அமைப்பு. மச்சோம் என்றால் எபிரேயத்தில் தடை, சாவடி. 2001ல் தொடங்கியது, பெண்கள் மட்டும். பெரும்பாலும் பாட்டிமார். பிளாஸ்க், நோட்டு, சட்டையில் ஒரு பட்டை. தங்கள் சொந்தப் பேரன் வயசுச் சிப்பாய்களை எதிரே நின்று முறைத்துப் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போய் அன்றாடம் அறிக்கை எழுதுகிறார்கள். ஒரு அம்மாவோடு அடிக்கடி பேசுவேன். ஒரு நாள் அவரே சொன்னார்: 'நாங்கள் நின்றால் இவன்கள் கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறான்கள். வரிசை வேகமாக நகர்கிறது. வீட்டுக்குப் போனதும் யோசிக்கிறேன், நான் கதவை உடைக்கிறேனா, கதவுக்கு எண்ணெய் விடுகிறேனா?' அந்த அமைப்புக்குள்ளேயே இந்தச் சண்டை ஓயாமல் நடந்தது. எனக்கு அந்த அம்மாவைப் பிடித்தது அதனால்தான். நம் ஊரில் நமக்காகப் பேச வருகிற நல்லவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்?

எனக்கு அங்கே கிடைத்த சிநேகிதர் ஒரு கொத்தனார். அங்கே மூத்த மகன் பெயரைச் சேர்த்து 'அபூ இன்னார்' என்று கூப்பிடுவதுதான் மரியாதை. நான் பெயரை எழுதவில்லை, கொத்தனார் என்றே சொல்கிறேன். டைல்ஸ் ஒட்டுவதில் கெட்டிக்காரர். என்னை 'யா ஹிந்தி' என்பார். அரபியில் இந்தியனுக்கு ஹிந்தி. அமிதாப் பச்சனைத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றேன், ரொம்ப வருத்தப்பட்டார். கதவு தாமதமாகிற நாட்களில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், எனக்கும் அவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பேச்சு.

சீட்டு வாங்குவதற்கே தரகர் இருக்கிறான் என்று சொன்னார். முதலாளி பெயரில் சீட்டு. தரகனுக்கு மாசம் இரண்டாயிரம் ஷெக்கலுக்கு மேல் அழ வேண்டும். முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சீட்டு போச்சு, சங்கத்தில் சேர்ந்தால் போச்சு, மைத்துனன் ஏதாவது வம்பில் மாட்டினால் இவர் சீட்டு போச்சு. எங்கள் பக்கம் கரும்பு வெட்டுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போகிற மேஸ்திரிகளைப் பற்றி நான் சொன்னேன். 'உங்க ஊர்லயும் சிம்சார் உண்டா?' என்று சிரித்தார். சிம்சார் என்றால் தரகன்.

அந்த மார்ச்சில் ஒரு புது உத்தரவு வந்தது. ஐம்பத்தைந்து வயசு தாண்டிய ஆண்களுக்கும் ஐம்பது தாண்டிய பெண்களுக்கும் சீட்டு வேண்டாம். கொத்தனாருக்கு அப்போது ஐம்பத்து மூன்று. 'இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் நான் ஆபத்தில்லாதவன்' என்றார். தன் நரைத்த மீசையைத் தடவிக் காட்டி, 'இதுதான் இனிமே தஸ்ரீஹ்' என்றார். சீக்கிரம் கிழவனாக வேண்டுமென்று ஆசைப்பட்ட மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் கிழக்கே மலையைக் காட்டினார். மலை முழுக்க வெள்ளை வெளேரென்று அடுக்குமாடிகள். ஹர் ஹோமா குடியிருப்பு. 1997ல் கட்டத் தொடங்கியது. அதற்கு முன் அது ஜபல் அபூ குனைம், மரங்கள் அடர்ந்த மலை. சின்ன வயசில் அங்கே விறகு பொறுக்கினதாகச் சொன்னார். பிறகு அதே மலையில் டைல்ஸ் ஒட்டவும் போயிருக்கிறார். 'வெக்கமா இருந்துச்சு. பிள்ளைங்க பசிச்சா வெக்கம் என்ன செய்யும்?' நான் பதில் சொல்லவில்லை. எங்கப்பா அஸ்திவாரம் தோண்டிய வீடுகள் எங்கள் ஊர்த் தெருவில் ஏழெட்டு இருக்கின்றன. ஒன்றின் திண்ணையிலும் அவர் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் கல்லறைச் சுவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஈரமண்ணில் குச்சியால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், இரண்டு பக்கமும் சிலுவைதான் என்றேன். அவருக்கு நம்பவே முடியவில்லை. 'செத்தவங்களுக்கு நடுவுலயா?' ஆமாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: 'அவங்க எங்க வேலைக்குப் போறாங்க, வழிமறிக்கறதுக்கு?' சொல்லிவிட்டு அவரே சிரிக்க, நானும் சிரித்தேன். விளக்கு பச்சையாகி அவர் போய்விட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு எதிரே துப்பாக்கி, எனக்கு எதிரே அதே சாமியைக் கும்பிடுகிறவன். அவர் தன் ஊரில் அந்நியனாக்கப்பட்டவர், நான் என் ஊரில் ஊராகவே கணக்கில் சேராதவன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை கோபப்பட்டார். தொடர்ந்து மூன்று நாள் தாமதம், மூன்று நாள் கூலி போயிருந்தது. நான் வழக்கம்போல் டக்டக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தேன். 'எண்ணு, எண்ணு. நேத்து எத்தனை? நாளைக்கு எத்தனை? எண்ணி என்ன செய்யப் போற?' ஐ.நா. அலுவலகத்துக்கு அனுப்புவோம் என்றேன். 'அங்க இல்லாத கணக்கா?' என்றார். பொய்யில்லை. ஐ.நா.வின் அலுவலகம் மேற்குக்கரையில் உள்ள தடைகளை ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் 645. 2025ல் 849. மறுநாள் கொத்தனாரே ரொட்டி வாங்கிக் கொடுத்து, 'எண்ணு, ஆனா என்னைய ரெண்டா எண்ணு' என்றார். எண்ணினேன். அந்தக் காலைக் கணக்கில் ஒரு ஆள் அதிகம்.

2019ல் அந்தச் சாவடியைப் புதுப்பித்தார்கள். எந்திரக் கதவு, அட்டையை வைத்தால் முகத்தைப் பார்த்துத் தானாகத் திறக்கும். சில நிமிஷத்தில் போய்விடலாம் என்று கொத்தனார் வாட்ஸப்பில் சொன்னார். அவருக்கு வயசும் ஆகிவிட்டிருந்தது, சீட்டும் வேண்டாம். 'இப்ப யாரும் கத்தறதில்ல. கத்தறதுக்கு ஆளே இல்ல' என்றார். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கிறது என்றார்.

2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் தாக்குதல், சுமார் 1,200 பேர் சாவு. பிறகு காசாவில் நடந்த அழிவை உலகமே பார்த்தது. மேற்குக்கரைச் சாவடிகள் மூடப்பட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளின் சீட்டு ஒரே வீச்சில் செல்லாமல் போனது. கொத்தனாரின் நரைத்த மீசையும் செல்லவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாக அவர் மகன் எழுதினான்.

கட்டடங்கள் பாதியில் நின்றன. ஆள் வேண்டுமே. 2024 ஜனவரியில் அரியானா ரோத்தக்கில் ஆள் எடுத்தார்கள், பிறகு லக்னோவில், பிறகு ஐதராபாத்தில். கம்பி வளைக்க, பலகை அடைக்க, பூச, டைல்ஸ் ஒட்ட. மாசம் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். வரிசை வரிசையாக நம் நாட்டுக்காரர்கள் நிற்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். கையில் பை, முகத்தில் தூக்கம்.

என் அண்ணன் மகன் ஐதராபாத்தில் டைல்ஸ் வேலை பார்க்கிறவன். ஒரு ராத்திரி போன் பண்ணினான்.

'சித்தப்பா, நீங்க அங்க இருந்துருக்கீங்கல்ல. எப்புடி ஊரு?'

சாவடியைப் பற்றிச் சொன்னேன். கொத்தனாரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நல்ல பையன்.

'அவரு வேலைய நான் புடுங்கிக்கறேங்கறீங்களா?'

'அப்படிச் சொல்லலைப்பா.'

'நான் போகலன்னா பீகார்க்காரன் போவான் சித்தப்பா. தங்கச்சி கல்யாணக் கடன் நாலு லட்சம். நீங்க அடைப்பீங்களா?'

என்னால் அடைக்க முடியாது. சண்டை நடக்கிற இடம்டா என்றேன். அந்த மார்ச்சில் வட எல்லையில் ஒரு தோட்டத்தில் ஏவுகணை விழுந்து கேரளத்துக்காரர் ஒருவர் செத்திருந்தார். அதைச் சொன்னேன். 'இங்க சாரத்துலேருந்து உழுந்து சாவறவன் இல்லியா?' என்றான். என் அண்ணன் அப்படித்தான் செத்தான். அதற்குமேல் நான் பேசவில்லை. ஜாக்கிரதையாக இரு என்றேன். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே என்றேன்.

போய்ச் சேர்ந்து இரண்டு மாசம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினான். ஏதோ ஒரு நகரத்தில் ஆறாவது மாடி. பெரிய கூடம், ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. தரையில் பாதிவரைக்கும் டைல்ஸ், மீதிப் பாதி சிமெண்ட். ஓரத்தில் காய்ந்துபோன கலவைச் சட்டி. 'வந்தப்பவே பாதி ஒட்டியிருந்துச்சி சித்தப்பா. மிச்சத்த நான் ஒட்டறேன். ஒட்டுனவன் நல்ல வேலைக்காரன்' என்று குரலில் சொல்லியிருந்தான்.

கொத்தனாருக்கு இதை நான் சொல்லவில்லை. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.